விடை தெரியாத கேள்விக்குப் பணம் கொடுப்பவர் யார்?

பாடசாலையில் கேட்கப்படும் கேள்விக்கு விடை ஆசிரியரிடம் இருக்கும். பல்கலைக்கழக இறுதியாண்டுப் பரீட்சையில் வரும் கேள்விக்கும் ஏதாவது ஒரு நூலில் விடை இருக்கும். கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவரிடமோ பல்கலைக்கழகம் நேர்மாறாகக் கேட்கிறது: உலகில் எவருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியைக் கொண்டு வா, விடையை நீயே கண்டுபிடி, அது சரிதான் என்று உன்னை முன்பின் அறியாதவர்கள் ஒப்புக்கொள்ளும்படி நிறுவு. இதற்கு மூன்று, நான்கு வருடங்கள் போகும். ஆய்வுகூடப் பொருள்கள், பயணம், சாப்பாடு, வாடகை என்று செலவும் ஓடிக்கொண்டே இருக்கும். முடிவில் விடை கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இப்படிப்பட்ட வேலைக்கு யார் பணம் கொடுப்பார்? திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை வைத்து இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால், மனிதர்கள் மெல்ல மெல்லக் கட்டியெழுப்பிய மிக நுட்பமான ஓர் ஏற்பாடு கண்ணுக்குத் தெரியவரும்.

முதலில் ஏணியைப் பார்ப்போம். இலங்கைத் தகைமைகள் சட்டகம் எல்லாக் கல்வித் தகைமைகளையும் 12 படிகளில் அடுக்குகிறது. சாதாரண தரம் முதற்படி. உயர்தரம் இரண்டாம் படி. சிறப்புப் பட்டம் ஆறாம் படி. அதற்கு மேலே பட்டப்பின் சான்றிதழ், டிப்ளோமா, இரு வகை முதுமாணி, முதுதத்துவமாணி என்று ஏறி, பன்னிரண்டாம் படியில் கலாநிதிப் பட்டம் நிற்கிறது. கீழ்ப்படிகளில் உழைப்பை மணித்தியாலத்தில் அளக்கலாம். ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஆய்வோடு கூடிய முதுமாணிக்கு 60 கிரெடிட், அதாவது 3,000 மணித்தியாலம். நாளுக்கு 8 மணித்தியாலம் என்று உழைத்தாலும் 375 நாள் ஆகும். கடைசி இரண்டு படிகளில் இந்த அளவுகோல் காணாமல் போய்விடுகிறது. முதுதத்துவமாணிக்குக் குறைந்தது இரண்டு வருட முழுநேர ஆய்வு, கலாநிதிக்குக் குறைந்தது மூன்று வருடம். எத்தனை மணித்தியாலத்தில் புதியது ஒன்று பிடிபடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே சட்டகமும் அங்கே எண்ணுவதை நிறுத்திவிடுகிறது.

ஏணியின் நடுவில் இன்னொன்றும் மாறுகிறது. இலங்கையில் முதற்பட்டம் வரை அரச பல்கலைக்கழகக் கல்வி இலவசம். அதற்கு மேலே போகிறவர் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது தனக்காகக் கட்டுபவரைத் தேட வேண்டும். அரச பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கெட்டிக்கார ஏற்பாடு உண்டு. வெளிநாடு போய்ப் படிக்கும் காலத்திலும் பல்கலைக்கழகம் சம்பளத்தோடு கல்வி விடுமுறை தருகிறது. பதிலுக்கு அவர் பிணைப்பத்திரத்தில் கையெழுத்திட்டு, திரும்பி வந்து குறித்த வருடங்கள் இங்கே கற்பிப்பதாக உறுதி கொடுக்கிறார். கொடுத்த பணத்தைப் பணமாகவே கேட்காமல், படித்து முடித்த மனிதரின் காலமாகத் திருப்பிக் கேட்கும் கடன் இது.

பணம் எவ்வளவு அரிது என்பதை ஓர் ஒப்பீடு காட்டும். ஒரு நாடு உழைக்கும் ஒவ்வோர் ஆயிரம் ரூபாயிலும் ஆராய்ச்சிக்கு எவ்வளவு போகிறது? தென் கொரியாவில் ஏறத்தாழ 50 ரூபாய். இந்தியாவில் 6 ரூபாய்க்குச் சற்று மேலே. இலங்கையில் ஒரு ரூபாய் சொச்சம். அந்த ஒற்றை ரூபாயைத்தான் நெல் ஆராய்ச்சி நிலையங்களும் மருத்துவ பீடங்களும் பௌதிகவியல் ஆய்வுகூடங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்ற அரச அமைப்புகள் ஆண்டுதோறும் விண்ணப்பங்களைக் கோரி, போட்டியின் அடிப்படையில் இதில் ஒரு பங்கைப் பகிர்ந்தளிக்கின்றன.

போட்டிக்கு அனுப்பும் ஆவணம் ஆய்வு முன்மொழிவு. ஒரு சில பக்கங்கள்தான். ஆனால் அதற்குள் ஒருவர் அடைக்க வேண்டிய சிந்தனை வியக்க வைக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் பற்றி ஒருவர் முன்மொழிவு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கதி. அந்த நன்னீர், அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. இந்தச் சிறு வேறுபாட்டால் ஒரு விசித்திரக் கணக்கு பிறக்கிறது: கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும். மேல்மட்டம் வெறும் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 4 மீற்றர் மேலேறும். துவாரங்களும் குகைகளும் நிறைந்த நமது சுண்ணக்கல்லில் கணக்கு இவ்வளவு சுத்தமாக அமையாது. ஆனாலும் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீருமாக இருக்கும் நிலாவரைக் கிணறு இந்த அடுக்கை இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது.

உப்பு ஒரு பக்கம் இருக்க, நைத்திரேற்று என்ற இன்னொரு சிக்கலும் உண்டு. நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த, நீரில் எளிதில் கரையும் பொருள் அது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. கூடினால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை தாண்டப்பட்டிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் பதிவு செய்து வந்திருக்கின்றன. ஆகவே "நைத்திரேற்று இருக்கிறதா?" என்று கேட்டால் முன்மொழிவு நிராகரிக்கப்படும். விடை தெரிந்த கேள்வி அது. "இந்தக் கிணற்றில் இருக்கும் நைத்திரேற்று வெங்காயத் தோட்டத்து யூரியாவிலிருந்து வந்ததா, பக்கத்து வளவு மலக்குழியிலிருந்து வந்ததா?" என்று கேட்டால் கதவு திறக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்குப் பசளையைக் குறைக்க வேண்டும், மற்றதற்குக் குழியைத் திருத்த வேண்டும்.

ஆனால் நீரில் கரைந்த பிறகு இரண்டும் ஒரே பொருள்தானே, பிரித்தறிவது எப்படி? இங்கேதான் இயற்கை ஓர் அடையாள முத்திரையை ஒளித்து வைத்திருக்கிறது. ஆயிரம் நைதரசன் அணுக்களை எடுத்தால், ஏறத்தாழ நான்கு அணுக்கள் மற்றவற்றைவிடச் சற்றுப் பாரமானவை. ஒரே மூலகத்தின் இப்படிப் பாரம் வேறுபட்ட அணுக்களைச் சமதானிகள் என்பார்கள். யூரியாவைத் தொழிற்சாலையில் காற்றிலிருக்கும் நைதரசனைக் கொண்டு செய்கிறார்கள். அதனால் அதில் பார அணுக்களின் விகிதம் காற்றில் உள்ளதைப் போலவே இருக்கும். மலக்குழியிலும் எருக்குவியலிலும் கதை வேறு. அங்கே மூக்கைத் துளைக்கும் அமோனியா வாசனை வருகிறதல்லவா? பாரம் குறைந்த நைதரசன் முந்திக்கொண்டு காற்றோடு போகும் வாசனை அது. பாரமானது பின்தங்கிவிடுகிறது. அப்படி எஞ்சியதிலிருந்து உருவாகும் நைத்திரேற்றில் பார அணுக்களின் விகிதம், காற்றோடு ஒப்பிட்டால், பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் கூடியிருக்கும். மண்ணில் வாழும் சில பற்றீரியங்களும் இந்த விகிதத்தைக் கலைக்கும். ஆகவே நைத்திரேற்றில் உள்ள ஒட்சிசனின் சமதானிகளையும் சேர்த்து அளந்து சரிபார்ப்பார்கள். வேலியின் எந்தப் பக்கத்திலிருந்து மாசு வந்தது என்பதை அணுவின் பாரம் சொல்லிவிடுகிறது.

இந்த நுண்ணிய வேறுபாட்டை அளக்கும் திணிவு நிறமாலைமானி விலையுயர்ந்த கருவி. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அது இருக்காது. மாதிரிகளை இன்னொரு நாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டி வரலாம். அதற்கு முந்திய வேலைகளோ மிகவும் சாதாரணமாகத் தெரிபவை, ஆனால் விட்டுக்கொடுக்க முடியாதவை. போத்தல்களை அமிலத்தில் கழுவ வேண்டும். கிணற்றடியில் அதே நீரால் மீண்டும் அலச வேண்டும். நீரை நுண்வடிகட்டியால் வடித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, வெயிலேறுமுன் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். பெட்டியில் இருக்கும் ஒரு போத்தலில் கிணற்று நீரே இருக்காது. ஆய்வுகூடத்தில் நிரப்பிய தூய நீர் அதில் இருக்கும். மற்றப் போத்தல்களோடு தோட்டமெங்கும் பயணம் செய்து, திறந்து மூடப்பட்டு, அதே பெட்டியில் திரும்பும். அதற்குப் பெயர் வெற்று மாதிரி. அதிலும் நைத்திரேற்று தென்பட்டால், மாசு கிணற்றில் இல்லை, மாணவரின் கையிலோ போத்தலிலோ இருக்கிறது என்று பொருள். தன்மேல் தானே வைக்கும் வேவு இது. மாரிக்கு முன் ஒரு தடவை, மாரி முடிந்ததும் ஒரு தடவை என்று இதே சுற்று வருடக்கணக்கில் தொடரும்.

இத்தனையையும் முன்மொழிவின் செலவுப் பட்டியல் முன்கூட்டியே கண்டுகொள்ள வேண்டும். எத்தனை போத்தல், எத்தனை வடிகட்டி, எத்தனை தடவை வாகனம் என்று எழுத வேண்டும். எதிர்பாராதது வந்தால் பட்டியல் உடைந்துவிடும். 2022இல் அதுதான் நடந்தது. டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. ரூபாயில் ஒதுக்கிய ஆராய்ச்சிப் பணத்தின் எண்ணிக்கை அப்படியே இருக்க, அதைக் கொண்டு வாங்கக்கூடிய இறக்குமதி இரசாயனம் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. பட்டியலில் மிக முக்கியமான வரி பொருள்களுக்கானது அன்று, ஆராய்ச்சி உதவியாளருக்கான மாதக் கொடுப்பனவு. அந்த உதவியாளர் பெரும்பாலும் முதுதத்துவமாணிக்கோ கலாநிதிக்கோ பதிவு செய்த மாணவராக இருப்பார். அதாவது ஒரே பணத்தில் இரண்டு விளைச்சல்: ஒரு விடை, அந்த விடையைத் தேடத் தெரிந்த ஒரு மனிதர்.

எழுதி முடித்த முன்மொழிவை யார் மதிப்பிடுவது? அமைச்சரோ அதிகாரியோ அதைத் தனியாக முடிவு செய்ய முடியாது. விடயம் தெரிந்தவர்கள் இன்னும் சில ஆய்வாளர்களே. எனவே விண்ணப்பம் அவர்களிடம் போகிறது. இதற்குச் சக ஆய்வாளர் மதிப்பீடு என்று பெயர். மதிப்பிடுகிறவர் யாரென்று விண்ணப்பித்தவருக்குப் பொதுவாகத் தெரியாது. அவர் தன் மாலை நேரங்களைச் செலவழித்து, பெரும்பாலும் கூலி வாங்காமலோ சொற்பக் கூலிக்கோ, இன்னொருவரின் யோசனையில் எங்கே ஓட்டை என்று தேடுகிறார். அவர் எழுதும் கண்டனத்தால் ஒரு தவறான பரிசோதனை தொடங்குமுன்பே திருத்தப்படுகிறது. உலகெங்கும் பெயர் தெரியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் இந்த மணித்தியாலங்கள் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் ஏறுவதில்லை.

நாட்டின் ஒற்றை ரூபாய் போதாதபோது பணம் கடல் கடந்தும் வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பேராசிரியரான புண்ணியமூர்த்தி ரவிராஜன், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் புதுவகைச் சூரியக் கலங்கள் பற்றிக் கலாநிதி ஆய்வு செய்து திரும்பியவர். நோர்வேயில் பேராசிரியராக இருக்கும் தயாளன் வேலாயுதபிள்ளையின் மேற்கு நோர்வே பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணமும், பேராதனை, கோயம்புத்தூர் நிறுவனங்களோடு சேர்ந்து, நோர்வே அரசின் உயர்கல்வி நிதியில் தூய சக்திக்கான நனோபொருள் ஆய்வில் இணைந்தன. மாணவர்கள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய்வர வழி பிறந்தது. அந்த நோர்வேப் பல்கலைக்கழகம் இருக்கும், வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள்கள் மழை பெய்யும் பெர்கன் நகரமும், வெயில் காயும் யாழ்ப்பாணமும் சூரிய ஒளியைப் பிடிக்கக் கைகோத்தன.

அவர்கள் துரத்தும் புதிர் அழகானது. இந்தக் கலங்களில் ஒளியை உறிஞ்சுவது பிளாஸ்ரிக்கின் உறவான ஒரு பல்பகுதியம். அதில் ஒளி பட்டதும் ஓர் இலத்திரன் கிளம்புகிறது. ஆனால் தான் விட்டுவந்த வெற்றிடத்தைப் பிரிய மாட்டாமல் அதனோடு சோடியாகவே திரிகிறது. இதைக் கிளர்வுச்சோடி எனலாம். அதன் ஆயுள் ஒரு செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவே. அதற்குள் அது நகரக்கூடிய தூரம் ஏறத்தாழ 10 நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பை எட்டாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு அவ்வளவு வரும். அந்தத் தூரத்துக்குள் வேறொரு பொருளின் எல்லையைத் தொட்டால் சோடி பிரிந்து மின்னோட்டம் பிறக்கும். தொடாவிட்டால் எல்லாம் வெப்பமாகிவிடும். சிக்கல் என்னவென்றால், ஒளியை நன்றாக உறிஞ்ச அந்தப் படலம் 100 நனோமீற்றராவது தடிப்பாக இருக்க வேண்டும். தடிப்பு வேண்டும், எல்லையும் பக்கத்திலேயே வேண்டும். தீர்வு: சுவர்ப் பூச்சிலும் பற்பசையிலும் இருக்கும் அதே வெள்ளைப் பொருளான தைத்தேனியம் ஈரொட்சைட்டை நுண்துளைகள் நிறைந்ததாகச் செய்து, அல்லது நாக ஒட்சைட்டை நுண்கம்பிகளாக நிமிர்ந்து வளரச் செய்து, இடைவெளிகளில் பல்பகுதியத்தை நிரப்புவது. அப்போது சோடி எங்கே பிறந்தாலும் எல்லை பக்கத்திலேயே இருக்கும். ரவிராஜன் முதல் ஆசிரியராக இருந்து, சாயம் பூசிய சூரியக் கலத்தைக் கண்ட மைக்கேல் கிரேட்சல் உள்ளிட்டவர்களோடு 2006இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்தகைய நுண்கம்பிகளைப் பற்றியது.

பட்டப்பின் ஆய்வு ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னும் பழைய சான்று ஒன்று நம்மிடம் உண்டு. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த அழகையா துரைராஜா, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, கேம்பிரிட்ஜில் கென்னத் ரொஸ்கோவின் மண் பொறியியல் ஆய்வுக்குழுவில் கலாநிதி மாணவரானார். களிமண்ணின் மேல் கட்டடமோ அணைக்கட்டோ எழுந்தால் அது அமுங்கும், வழுகும், நீரைக் கக்கும். இத்தனை குழப்பத்துக்கும் ஒரு சூத்திரம் உண்டா என்பது அன்றைய கேள்வி. கயோலின் களிமண்ணை அழுத்தி உருக்குலைத்த பரிசோதனை அளவீடுகளைத் துரைராஜா ஒரு கடைக்காரரின் ஐந்தொகைபோல் எழுதிப் பார்த்தார்: உள்ளே கொடுத்த வேலை எவ்வளவு, கன அளவு சுருங்கியதில் எவ்வளவு, உருக்குலைந்ததில் எவ்வளவு, உராய்வில் தொலைந்தது எவ்வளவு. கணக்கு எதிர்பாராத எளிமையோடு முடிந்தது. தொலைந்த சக்தி, அழுத்தத்தையும் உருக்குலைவையும் ஒரே ஒரு மாறிலியால் பெருக்கிய தொகைக்குச் சமமாக இருந்தது. மண் சுருங்குகிறதா விரிகிறதா என்பது அந்தக் கணக்கில் குறுக்கிடவில்லை.

அந்த ஒற்றை வரியிலிருந்து ஒரு முழுக் கோட்பாடு விரிந்தது. ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் 1963இல் எழுதிய கட்டுரை மண் பொறியியலின் அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்று. கேம்பிரிட்ஜின் ஊடாக ஓடும் கேம் ஆற்றின் பெயரால் அந்த மாதிரியுருவைக் கேம் களிமண் என்று அழைத்தார்கள். 1968இல் ரொஸ்கோவும் பேர்லண்டும் செய்த திருத்திய வடிவம், சுரங்கப் பாதைகளுக்கும் அத்திவாரங்களுக்கும் கணக்கிடும் கணினி மென்பொருள்களில் இன்றும் இருக்கிறது. எங்கோ ஒரு நகரத்தில் மெட்ரோ தோண்டும் பொறியியலாளர் கணினியில் அதைத் தெரிவு செய்யும்போது, வடமராட்சிப் பிள்ளை ஒருவர் மாணவனாக இருந்து போட்ட கணக்கும் கூடவே ஓடுகிறது.

துரைராஜா 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். போரின் நடுவே, எரிபொருள் தடைக் காலத்தில் அவர் சைக்கிளில் பல்கலைக்கழகம் வந்துபோனதை யாழ்ப்பாணத்தில் இன்றும் நினைவுகூருவார்கள். ஏற்கனவே 1981இல் யாழ். பொது நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்து போயிருந்தன. முன்னோர் என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் புதிய கேள்வி கேட்க முடியாத ஆய்வாளருக்கு அது கண்ணைப் பிடுங்கியது போன்ற இழப்பு. ஆனாலும் துரைராஜாவின் காலத்தில், 1990இல், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது. போரால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து இயங்கிய அது பின்னர் கிளிநொச்சிக்கே மீண்டது. அறிவியல் நகரில் 2014இல் பொறியியல் பீடமும் மாணவர்களைச் சேர்த்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில், 1974இல், பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு வளாகமாகத் தொடங்கிய நிறுவனத்தின் வளர்ச்சி இது. அதற்கு முந்திய தலைமுறை பட்டப்பின் படிப்புக்காகப் பேராதனைக்கும் இலண்டனுக்கும் பேர்மிங்காமுக்கும் போக வேண்டியிருந்தது. கைலாசபதியும் பேர்மிங்காமில் கலாநிதியானவரே.

ஆய்வேடு எழுதி முடிந்ததும் கடைசிச் சோதனை வருகிறது. வெளிப் பரீட்சகர்கள் அதை வரிவரியாகப் படித்து, வாய்மொழிப் பரீட்சையில் மாணவரை எதிரே இருத்திக் கேட்பார்கள். இந்த அளவு ஏன், இந்த முறை ஏன், வேறு விளக்கம் ஏன் பொருந்தாது? அந்த அறையில் ஒரு தலைகீழ் நிலை நிகழ்கிறது. அந்தச் சிறு கேள்வியைப் பற்றி உலகிலேயே அதிகம் அறிந்தவர் அங்கே பரீட்சிக்கப்படுகிறவர்தான். பரீட்சகர்கள் சோதிப்பது அவர் எவ்வளவு அறிவார் என்பதைவிட, தன் அறிவு எங்கே முடிகிறது என்பதை அவர் நேர்மையாகக் காட்டுகிறாரா என்பதையே.

ஆக, விடை தெரியாத கேள்விக்குப் பணம் கொடுப்பவர் ஒருவரல்லர். பருப்பு வாங்கும்போது வரி கட்டும் இலங்கையர் கொடுக்கிறார். நோர்வேயில் வரி கட்டுகிறவர் கொடுக்கிறார். பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் தன் மாலை நேரத்தைக் கொடுக்கிறார். "என்ரை கிணத்திலை தண்ணி அள்ளுங்கோ, பிள்ளை" என்று படலையைத் திறந்துவிடும் தோட்டக்காரரும் கொடுக்கிறார். அவர் மறுத்தால் எந்தக் கருவியாலும் பயனில்லை. அவருக்குச் சேர வேண்டிய பங்கும் தெளிவானது: அவருடைய கிணற்று நீரில் அளந்த முடிவு, அவருக்குப் புரியும் தமிழில், அவர் கைக்குப் போக வேண்டும். அது போய்ச் சேரும்போதுதான் ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணத்தின் கணக்கு முடிகிறது. அடுத்த கேள்வியோடு அதே மாணவர் அதே படலையைத் தட்டும் தகுதியும் அப்போதுதான் அவருக்கு வருகிறது.